ஒரே பூவின் விதைகள், ஆளுக்கொரு நிறம்! ஹெபாட்டிக்கா தெரியுமா?

விதை தரையில் விழுந்துவிட்டது. ஆனால் உள்ளே இருக்க வேண்டிய கரு இன்னும் உருவமே எடுக்கவில்லை! பிள்ளையை அரைகுறையாகப் பெற்றுப் போட்டுவிட்டு, 'மிச்சத்தை நீயே பார்த்துக்கொள்' என்று விட்டுவிடுகிற செடி ஒன்று இருக்கிறது தெரியுமா?

அதுதான் ஹெபாட்டிக்கா. ஐரோப்பா, வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி, சீனா, கொரியா, ஜப்பான் என்று குளிர்நாட்டுக் காடுகளில் மரநிழலில் வளரும் குட்டிச் செடி. உயரம் ஒரு சாண் வந்தாலே அதிகம். மேலே மரங்கள் இலை விடுவதற்குள், தரையில் பனி முழுசாக உருகுவதற்குள், அவசர அவசரமாகப் பூத்து முடித்துவிடும். ஜப்பானியர்கள் இதை யூக்கிவாரிசோ என்கிறார்கள். பனியைப் பிளந்து வரும் செடி என்று அர்த்தம்.

அழகான பூதான், சந்தேகமில்லை. ஆனால் அழகான பூக்களுக்கா உலகத்தில் பஞ்சம்? இந்தச் செடியின் நிஜக் கூத்து விதையில் இருக்கிறது.

விதை முற்றிவிட்டதா என்று நாம் எப்படிக் கண்டுபிடிப்போம்? காய் பழுப்பாகும், காயும், வெடிக்கும். ஹெபாட்டிக்காவிடம் இந்தப் பாடமெல்லாம் செல்லாது. மார்ச், ஏப்ரலில் பூத்த பூ, மே கடைசி அல்லது ஜூனில் விதையோடு நிற்கும். இதழ்கள் எப்போதோ கொட்டியிருக்கும். பூவுக்கு அடியில் இருந்த மூன்று பச்சைச் சிற்றிலைகள் மட்டும் விரிந்திருக்க, அவற்றின் நடுவே பூனைமயிர் போர்த்திய பச்சை மணிகள் ஒரு கொத்து. ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரே ஒரு விதை. காம்பு தளர்ந்து மண்ணைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். விரல் நுனியால் லேசாகத் தடவிப் பாருங்கள். உதிர்ந்தால் முற்றிவிட்டது, ஒட்டிக்கொண்டிருந்தால் நாளைக்கு வாருங்கள். நிறம் கடைசி வரை பச்சைதான்! 'பழுக்கட்டுமே' என்று இரண்டு நாள் சும்மா இருந்தால் வெறும் காம்புதான் மிஞ்சும்.

விதைகள் எங்கே போயின? எறும்பு தூக்கிக்கொண்டு போய்விட்டது! எறும்புக்கென்றே ஒவ்வொரு விதையோடும் கொழுப்புள்ள சிறு சதைத்துணுக்கு ஒன்றைக் கூலியாக வைத்து அனுப்புகிறது செடி. எறும்பு அதைப் புற்றுக்கு இழுத்துப் போகும், சதையை மட்டும் தின்னும், விதையைக் குப்பையோடு குப்பையாக எறிந்துவிடும். இப்படி எறும்பை நம்பிப் பிழைக்கும் செடிகள் பலவற்றில், அந்தத் துணுக்கில் ஓலியிக் அமிலம் இருக்கிறது. செத்த பூச்சியிலிருந்து கிளம்பும் அதே அமிலம்! எறும்பு சாப்பாடு என்று நினைத்து இழுக்கிறதா, பிணம் என்று நினைத்து இழுக்கிறதா என்பது எறும்புக்கே வெளிச்சம்.

இதில் ஒரு விஷயத்தை நன்றாகக் கவனியுங்கள். எறும்பு எவ்வளவு தூரம்தான் சுமக்கும்? பெரும்பாலும் ஒன்றிரண்டு மீட்டர். ஆகவே பிள்ளைகள் தாயின் பக்கத்திலேயே குடியேறுகின்றன, பேரப்பிள்ளைகள் அதற்கும் பக்கத்தில். இந்தச் சரிவில் இருக்கும் கூட்டமும், அடுத்த சரிவில் இருக்கும் கூட்டமும் நூற்றாண்டுக்கணக்காகச் சம்பந்தம் வைத்துக்கொள்ளாமலே இருந்துவிடலாம். ஒரு பள்ளத்தாக்கில் ஒரு ஜாடை, அடுத்ததில் வேறு ஜாடை என்று காட்டுச் செடிகள் பிரிந்து நிற்பதற்கு இது ஒரு காரணம்.

சரி, எறும்புக்கு முன்னால் நீங்கள் விதையைப் பிடித்துவிட்டீர்கள். என்ன செய்வீர்கள்? டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தீர்களோ, போச்சு! காய்ந்த ஹெபாட்டிக்கா விதை செத்தே போகலாம். பிழைத்தாலும் முளைக்க ஒரு வருடம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். பறித்த கையோடு விதைக்க வேண்டும். மண், சன்னக் கல், மட்கிய இலை கலந்த தொட்டி, மேலே கொஞ்சம் சரளை, நிழலான ஓரம். அவ்வளவுதான். எலிக்கும் ஓடில்லாத நத்தைக்கும் ஒரு தடுப்பு போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம்?

அப்புறம் ஒன்றுமே நடக்காது! மாதக்கணக்கில் தொட்டி மொட்டையாகக் கிடக்கும். ஆனால் உள்ளே ஒரு கால அட்டவணை ஓடிக்கொண்டிருக்கும். முதலில் கோடையின் வெதுவெதுப்பு வேண்டும். அது முடிந்து காற்று குளிரும்போதுதான் உள்ளே கருவுக்கு உருவம் கூடி, வேர் மட்டும் வெளியே வந்து மண்ணுக்குள் இறங்கும். தண்டு வராது! அதற்குத் தனியாக ஒரு குளிர்காலம் முழுவதும் தேவை. குளிரெல்லாம் அனுபவித்து முடித்த பிறகு, அடுத்த வசந்தத்தில்தான் இரண்டு வித்திலைகள் தலைநீட்டும். முதலில் சூடு, பிறகு குளிர். வரிசை மாறினால் செடி ஒத்துக்கொள்ளாது. கோடையில் உதிர்ந்த விதை அந்த ஈரத்திலேயே முளைத்து, பச்சைக் குழந்தையாகப் பனியில் மாட்டிக்கொண்டால் கதை முடிந்ததே! அதற்காகத்தான் இத்தனை பூட்டுகள்.

சரி, முளைத்துவிட்டது. இனி மளமளவென்று வளருமா? அட, நீங்கள் ஒன்று! முதல் வருடம் முழுவதும் பெரும்பாலான நாற்றுகள் அந்த இரண்டு வித்திலைகளோடு அப்படியே நிற்கும். எது பெரிய பூ பூக்கும், எது வெள்ளை, எது நீலம் என்று ஒரு துப்பும் கிடைக்காது. இரண்டாவது வருடம் மூன்று மடல் கொண்ட நிஜ இலை ஒன்று. பூ? விதைத்ததிலிருந்து மூன்று, நான்கு வருடம், சிலவற்றுக்கு அதற்கும் மேலே! அதற்குள் பெயர்ப்பலகையில் மசியால் எழுதியது வெயிலில் அழிந்து, எந்தத் தொட்டியில் என்ன கலப்பு என்றே தெரியாமல் போய்விடும். பழகியவர்கள் பென்சிலால்தான் எழுதுவார்கள். பென்சில் எழுத்து அவ்வளவு சுலபத்தில் வெளுக்காது.

இத்தனை வருடம் எதற்காகக் காத்திருக்கிறார்கள்? அதுதான் இந்தக் கதையின் ஆச்சரியம். நம் வீட்டில் பங்கனப்பள்ளி மாங்கொட்டையை நட்டால் பங்கனப்பள்ளி காய்க்காது என்பது ஊரறிந்த விஷயம். அதனால்தான் ஒட்டுக்கன்று தேடி நர்சரிக்கு ஓடுகிறோம். ஹெபாட்டிக்கா வளர்ப்பவர்களோ நேர் எதிர். தாய் மாதிரி வராது என்பதற்காகவே விதை போடுகிறார்கள்!

ஒரே பூவின் விதைகளிலிருந்து வந்த நாற்றுகள் பூக்கும் நாளில் தொட்டிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்று வெள்ளை. பக்கத்தில் ஊதா. அடுத்தது இளஞ்சிவப்பு, ஆனால் விளிம்பில் மட்டும் வெள்ளைக் கரை. இன்னொன்றில் நடுவே வெள்ளை நட்சத்திரம். ஒன்றுக்கு ஆறு இதழ், ஒன்றுக்குப் பத்து. ஒன்றின் இதழ் வட்டம், ஒன்றின் இதழ் ஈர்க்குச்சி மாதிரி ஒல்லி. ஒன்றின் இலையில் வெள்ளி வரிகள், ஒன்றில் வெறும் பச்சை. இத்தனையும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்!

கணக்கு போட்டுப் பார்த்தால் இன்னும் தலை சுற்றும். சாதாரண ஹெபாட்டிக்காவுக்கு 14 குரோமோசோம்கள், அதாவது ஏழு ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் எது மகரந்தத்துக்குப் போகும் என்பது நாணயம் சுண்டுகிற விவகாரம். ஏழு முறை சுண்டினால் 128 விதமான மகரந்தம். சூலிலும் அதேபோல 128. இரண்டும் சேரும்போது 16,384 விதம்! ஜோடிக்குள்ளேயே துண்டுகள் இடம் மாறுவதை இன்னும் நாம் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஒரு பூவில் கிடைப்பதோ ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் விதைகள். நீங்கள் வாங்குவது பதினாறாயிரம் சீட்டுள்ள குலுக்கலில் சில சீட்டுகள்தான்.

இன்னொரு அதிர்ச்சி தெரியுமா? இந்தச் சாண் உயரச் செடியின் ஒரு செல்லில் இருக்கும் டிஎன்ஏ, மனித செல்லில் இருப்பதைவிடக் குறைந்தது ஐந்து மடங்கு அதிகம்! இதைக் கேட்டதும் மனிதனுக்குக் கொஞ்சம் அடக்கம் வர வேண்டும். ஆனால் டிஎன்ஏ அதிகமாக இருப்பதால்தான் இத்தனை நிறம் என்று முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். அளவுக்கும் வகைக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது.

ஜப்பானில் இந்த வித்தியாசம் உச்சம். அதுவும் நாடு முழுக்க ஒரே மாதிரி இல்லை. பசிபிக் பக்கக் காடுகளில் பெரும்பாலும் வெள்ளைப் பூக்கள்தான். மலையைத் தாண்டி ஜப்பான் கடல் பக்கம் வாருங்கள். நீகாட்டா மாவட்டம், அதற்கு எதிரே கடலில் இருக்கும் சாடோ தீவு, மேற்கே நோட்டோ தீபகற்பத்தின் சாருயாமா முனை. அங்கேதான் வெள்ளை, நீலம், ஊதா, சிவப்பு என்று காட்டுச் செடிகளே நிறம் நிறமாகப் பூக்கின்றன. கடல் காற்று கொண்டுவந்து கொட்டும் பனி, உலகத்திலேயே கனமான பனிப்பொழிவுகளில் ஒன்று. குளிராக இருக்குமே, செடி சாகாதா? சாகாது! ஆள் உயரப் பனிப் போர்வைக்கு அடியில் மண் உறைவதில்லை. போன வருடத்து இலைகள்கூட உயிரோடு பச்சையாகவே கிடக்கும். அடுத்த பூவுக்கான மொட்டு கோடையிலேயே உருவாகி, இலையுதிர் காலத்திலேயே அடியில் தயாராக உட்கார்ந்திருக்கும். பனி விலக வேண்டியதுதான் பாக்கி, பூ வந்துவிடும். நீகாட்டா மாவட்டத்துக்கு மலர் டியூலிப். ஆனாலும் 2008இல் யூக்கிவாரிசோவை மாவட்டத்தின் செடியாகத் தனியாக அறிவித்துப் பட்டம் கட்டினார்கள். நியாயம்தானே! டியூலிப் வந்த மாப்பிள்ளை, இது பிறந்த பிள்ளை.

பெருமைக்குப் பின்னால் ஒரு வருத்தமும் உண்டு. போன நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தப் பூ மேல் பித்து கிளம்பியபோது, வித்தியாசமான செடிக்குக் கிடைத்த விலையைப் பார்த்து மலைமலையாகத் தோண்டி எடுத்தார்கள். சில சரிவுகள் வெறுமையாயின. விதையிலிருந்து வளர்க்கத் தெரிந்த கைகள் பெருகிய பிறகுதான் காட்டின் மேல் இருந்த கண் கொஞ்சம் விலகியது. தோட்டத்தில் கலப்பு செய்த நாற்றுகள் காட்டுச் செடியைவிடப் பகட்டாகப் பூக்கும்போது எவன் மலை ஏறுவான்? ஸ்வீடன் இன்னும் உஷார். அங்கே காட்டிலிருந்து இதை வேரோடு பிடுங்குவது சட்டப்படி குற்றம்.

இப்போது அடுக்குப் பூவுக்கு வருவோம். உட்கார்ந்துகொள்ளுங்கள்.

ஹெபாட்டிக்காவின் 'இதழ்' இதழே அல்ல தெரியுமா? அவை நிறமேறிய புல்லிகள். பூவுக்கு அடியில் புல்லி மாதிரி தெரிகிற மூன்றும் புல்லி அல்ல, சிற்றிலைகள். நிஜ இதழ் என்று ஒன்று கிடையவே கிடையாது, தேனும் கிடையாது! வருகிற பூச்சிக்கு மகரந்தம் மட்டும்தான் விருந்து. ஆனால் இதழே இல்லாத இந்தப் பூவில், சில நாற்றுகளில் மட்டும், மகரந்தக் கேசரங்கள் இதழாக மாறிவிடுகின்றன. ஜப்பானியர்கள் அந்த மாற்றத்தைப் படிப்படியாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். கேசரம் சுருங்கி மறைந்து, நடுவில் சூலகம் மட்டும் நிற்பது 'ஓதொமே', கன்னிப் பூ. கேசரமெல்லாம் இதழாகி, சூலகம் மட்டும் அப்படியே மிஞ்சினால் 'நிதான்', இரண்டடுக்கு. சூலகமும் இதழாகிவிட்டால் 'சந்தான்', மூன்றடுக்கு: வெளியே ஒரு வட்டம், நடுவே வேறு வடிவத்தில் ஒரு வட்டம், உச்சியில் பச்சையோ வேறு நிறமோ கலந்து ஒரு குஞ்சம். வட்டங்களுக்குள் வித்தியாசமே தெரியாமல் எல்லாம் ஒரே மாதிரி இதழாகிக் குவிந்தால் 'செனே', ஆயிரம் அடுக்கு!

இது எப்படி நடக்கிறது? பூவின் எந்த வட்டம் எதுவாக வேண்டும் என்று கட்டளையிடும் மரபணுக்கள் உண்டு. 'நீ கேசரம் ஆகு, நீ சூலகம் ஆகு' என்று சொல்கிற மரபணு பழுதாகிவிட்டால், அந்த இடத்தில் இதழ் முளைக்கும். இதே குடும்பத்தைச் சேர்ந்த தாலிக்ட்ரம் என்ற செடியின் அடுக்கு வெள்ளை ரகத்தில் அந்த மரபணுவில்தான் கோளாறு என்று ஆய்வாளர்கள் பிடித்தே விட்டார்கள். நாம் கைதட்டி ரசிக்கிற பூ, செடியின் பார்வையில் ஒரு விபத்து.

அந்த விபத்துக்குத்தான் எவ்வளவு திட்டம் போடுகிறார்கள் பாருங்கள்! மூன்றடுக்கிலும் ஆயிரமடுக்கிலும் மகரந்தமும் இல்லை, சூலும் இல்லை. விதை எப்படிக் கிடைக்கும்? கிடைக்காது. அதனால் பூவை விட்டுவிட்டு அதன் கூடப்பிறந்த சாதாரணப் பூக்களைப் பிடிக்கிறார்கள்! பார்க்க ஒன்றுமில்லாத ஒற்றைப் பூவாக இருக்கும். ஆனால் அடுக்குக் குணத்தை உள்ளே மறைத்துச் சுமந்துகொண்டிருக்கலாம். அப்படி மறைத்துச் சுமக்கும் இரண்டைச் சேர்த்தால், மெண்டல் கணக்கின்படி நாலு பிள்ளையில் ஒன்று அந்த ரகசியத்தை வெளிப்படுத்திவிட வேண்டும். இரண்டடுக்குப் பூ இன்னும் சௌகரியம். அதில் சூலகம் உயிரோடு இருப்பதால் தாயாக்கிக் கொள்ளலாம். தூரிகை முனையில் பக்கத்துத் தொட்டியின் மகரந்தத்தைத் தொட்டு, சூலக முடியில் பூசி, காம்பில் நிற நூல் ஒன்றைக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஒற்றைப் பூவைத் தாயாக்குவதென்றால் கேசரங்கள் வெடிக்கும் முன்பே சாமணத்தால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தாக வேண்டும். தாமதித்தால் அமெரிக்க ஹெபாட்டிக்கா போன்றவை தம் மகரந்தத்தாலேயே காய் பிடித்துவிடும்.

இந்தப் பித்து இன்று நேற்று வந்ததும் அல்ல. இங்கிலாந்தில் ஜான் பார்க்கின்சன் 1629இல் வெளியிட்ட தோட்ட நூலிலேயே அடுக்கு ஹெபாட்டிக்கா இடம்பெற்றுவிட்டது!

இலைக்கும் ஒரு வரலாறு உண்டு. மூன்று மடல் இலை, அடியில் செந்நிறம். கல்லீரல் மாதிரி இருக்கிறது என்று சொல்லி, கல்லீரல் நோய்க்கு இதுதான் மருந்து என்று பழைய ஐரோப்பிய வைத்தியர்கள் முடிவுகட்டினார்கள். 1880களில் அமெரிக்காவில் கல்லீரல் டானிக் மோகம் தலைக்கேறி, 1883இல் மட்டும் சுமார் 2 லட்சம் கிலோ இலை தீர்ந்ததாம்! பச்சை இலையில் இருப்பதோ தோலை எரிக்கும் நச்சு. கல்லீரல் என்ன நினைத்ததோ!

வாசனை? அதுவும் நாற்றுக்கு நாற்று மாறும்! அமெரிக்க இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே காட்டில் முகர்ந்து முகர்ந்து பார்த்து எழுதியிருக்கிறார்: கூட்டம் கூட்டமாக எந்த மணமும் இருக்காது, திடீரென்று ஒரு சின்னக் கூட்டம் மட்டும் மணக்கும். எறும்பு பக்கத்திலேயே நட்டுவிட்டுப் போன குடும்பமாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

நம் பக்கத்தில் இது உண்டா என்று கேட்பீர்கள். காஷ்மீர், வட பாகிஸ்தான் மலைகளில் வெள்ளைப் பூ பூக்கும் ஒரு ஹெபாட்டிக்கா இருக்கிறது. சஹாரன்பூர் தாவரவியல் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட ஹ்யூ ஃபால்கனரின் பெயர்தான் அதற்கு.

எல்லா ஹெபாட்டிக்காவையும் எல்லாவற்றோடும் சேர்த்துவிடலாமா? அங்கேதான் குரோமோசோம் குறுக்கே நிற்கிறது. ருமேனியாவின் டிரான்சில்வேனிய மலைச் செடிக்கு 28. ஐரோப்பாவின் சாதாரணச் செடிக்கு 14. இரண்டும் சேர்ந்தால் பிள்ளைக்கு 21. அந்தப் பிள்ளை வீரியமாக வளரும், பெரிய நீலப் பூவாகப் பூக்கும், ஆனால் மலடு! மூன்று மூன்றாக நிற்கும் குரோமோசோம்களைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாதே. இங்கிலாந்தில் கோல்வால் என்ற ஊரில் ஆஸ்டர் பூக்களால் பெயர்பெற்ற எர்னஸ்ட் பல்லார்ட் உருவாக்கிய 'பல்லார்டி' இந்த வகைதான். உலகத்தில் எங்கே பல்லார்டி பூத்தாலும் அது அந்த ஒரே ஒரு நாற்றின் துண்டு. தூரைப் பிரித்துப் பிரித்து நட்டே நூறு வருடம் போல ஓட்டிவிட்டார்கள். ஆயிரமடுக்குப் பூக்களுக்கும் அதே விதிதான். பிரித்தால் ஒரு சில துண்டு, அது தேறிப் பூக்க மறுபடி காத்திருப்பு. விலை ஏன் ஏறுகிறது என்று இப்போது புரிகிறதா?

கடைசியாக, விதை போடக் கிளம்பிவிட்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நாலு வருடம் பொறுத்து, முதல் பூ வந்தது. பார்த்தால் சப்பென்று ஒரு வெளிறிய ஒற்றைப் பூ. தூக்கிக் குப்பையில் போட்டுவிடலாமா? கூடாது! இளம் செடியின் முதல் பூவை நம்பித் தீர்ப்பு சொல்லக் கூடாது என்பது வளர்ப்பவர்களின் அனுபவம். அடுக்கு ரகங்களில் முதல் வருடம் ஒன்றிரண்டு கேசரம் மட்டும் இதழாக முயற்சி செய்துவிட்டு நிற்கும். தூர் பெருத்து, இரண்டு மூன்று முறை பூத்த பிறகுதான் முழு வடிவம் காட்டும். நிறமும் அப்படியே, அந்த வருடத்துக் குளிரையும் வெளிச்சத்தையும் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். ஆக நாலோடு இன்னும் இரண்டைக் கூட்டிக்கொள்ளுங்கள். அதற்கப்புறமும் அது வெளிறிய ஒற்றைப் பூவாகவே இருந்தால், தாராளமாக ஒரு மரத்தடியில் நட்டுவிடலாம். எறும்புகளுக்கு அதில் எந்த ஆட்சேபமும் இருக்காது.